உள்ளது உள்ளபடி

விற்பனைக் கடிதத்தில் ஒரே நிபந்தனை:
உள்ளது உள்ளபடி.
ஹோஷங் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.
நேர்மையானவர். நான்தான் வாசிக்கவில்லை.

இருபத்திரண்டு அடி. என்னைவிட ஆறு வயது மூப்பு.
பின்பக்கம் எழுதிய 'மெஹ்ரு'வில் ஓரெழுத்து உதிர்ந்து
ஆடு கத்துவதுபோல் மிச்சம் நிற்கிறது.

ஃபோர்ட்டில், மூன்றாம் மாடியில்,
பதினேழு வருடமாக ஆபத்துக்கு விலை போடுகிறேன்.
பஞ்சுக் கோடவுன், பட்டாசுக் கடை, பழைய லிஃப்ட்.
எது எரியும், எரியும்போது
எதையெல்லாம் கூட இழுத்துக்கொண்டு போகும்,
பார்த்ததும் சொல்லிவிடுவேன்.
தண்ணீர் என் பிரிவு இல்லை.

ஞானராஜ் ஒன்றுதான் கேட்டார்:
யானை வாங்கியாச்சு, அங்குசம்?

அங்குசம் மாதா மாதம் வந்தது.
நிறுத்திவைக்க வாடகை, மழைக்கு முன் கரையேற்றக் கிரேன்,
கப்பிக்குக் கயிறு, கயிற்றுக்குக் கொக்கி,
கொக்கிக்கு பம்பாய் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஓர் ஆணி.
தரைப்பலகையைத் தூக்கினால் ஒரு வாளி கறுப்புத் தண்ணீர்.
இறைத்துவிட்டு நிமிர்ந்தால் இன்னொரு வாளி.
பாய்மரம் கால் ஊன்றும் இடத்தில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போயிற்று.
விரலை எடுத்து,
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து,
அங்கே பெயிண்ட் அடித்தேன்.
ஒரு பாலிசிதாரர் இதைச் செய்திருந்தால்
பைசா கொடுத்திருக்க மாட்டேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு.
நானும் அவரும் ஒரு டப்பா எலுமிச்சை சாதமும்.
ஏழாம் வகுப்பில் நான்கு மதிப்பெண் கேள்வி:
கிழக்கே கொண்டல், மேற்கே கோடை,
வடக்கே வாடை, தெற்கே தென்றல்.
நான்கும் இன்னும் மறக்கவில்லை.
இப்போது பிடரியில் அடிப்பது எது என்றுதான் தெரியவில்லை.

பாயை ஏற்றினேன்.
பாய்ந்தது.
அதற்குத்தான் அந்தப் பெயரோ என்று தோன்றுவதற்குள்
குறுக்குமரம் என் நெற்றியைத் தேடி வந்துவிட்டது.
கயிறு உள்ளங்கைத் தோலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.
திருப்பத் தெரியவில்லை. நிறுத்த
காற்றுக்கு எங்கே பிரேக்?
சயான் ஆஸ்பத்திரி அளவுக்கு ஓர் எண்ணெய்க் கப்பல்
ஐந்து முறை ஹாரன் அடித்தது.
ஐந்துக்கு ஓர் அர்த்தம் உண்டாம். பிறகு படித்தேன்.

அதன்பின் காற்று நின்றது.
அது இன்னும் மோசம்.
ஓதம் எங்களைக் குப்பைபோல் அள்ளிக்கொண்டு
போகக் கூடாத பக்கம் போனது.
எலிஃபண்டா லாஞ்சிலிருந்து குழந்தைகள் கையசைத்தார்கள்.
நாங்களும் அசைத்தோம்.
காப்பாற்று என்பதற்கும் டாட்டாவுக்கும்
ஒரே சைகைதான்.

இழுத்து வந்த மீன்படகுக்காரன்
டீசலுக்கு இரண்டாயிரம் வாங்கினான்.
"உங்க கயிறு வேணாம் மேடம்" என்று
தன் கயிற்றைக் கட்டினான்.

இப்போது சிவ்ரியில் கிடக்கிறது.
நீர் வற்றினால் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும்.
பூநாரைகள் வாடகை தராமல் சுற்றி மேயும்.
தாருகானாவிலிருந்து இஷ்தியாக் வந்தான்.
அடிப்பக்கம் காந்தத்தை வைத்தான்; ஒட்டவில்லை.
முகம் மலர்ந்தது.
"ஈயம். நானூறு கிலோ தேறும்.
மிச்சத்தை நானே தூக்கிப் போட்டுக்கிறேன்."
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்.
நான் கொடுத்ததைவிட எட்டாயிரம் அதிகம்.
மொத்தப் படகிலும் விலை போவது
அதைக் கவிழவிடாமல் பிடித்திருந்த,
நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத கனம்.

ஞானராஜ் என்னைப் பார்த்தார்.
நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இருட்டும்வரை இறைத்தோம்.
ஒன்பது வாளி.
பத்தாவதில் ஒரு நண்டு வந்தது.
சேற்றில் விட்டேன்.
நேராகப் போகத் தெரியாது அதற்கு.
போனது.